மஞ்சள் மூட்டையின் முடிச்சுகள்

சலவை ஆலையில் அவனுக்கு முடிச்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகளைப் பிரித்து, விரிப்பைத் தனியாக, போர்வையைத் தனியாக, அறுவை அறையின் பச்சை அங்கிகளைத் தனியாகப் போடுவது அவன் வேலை. நீளமான எஃகு மேசை, முழங்கை வரைக்கும் கையுறை, மூக்கையும் வாயையும் மூடிய கவசம். ஒரு நாள் முழுக்க நின்றால் அடுத்த நாள் காலில் செருப்பு நுழையாது. வருகிற விரிப்புகளில் சில முடிச்சோடு வரும். அப்படியே இயந்திரத்துக்குள் போட்டால் முடிச்சின் வயிற்றில் இருக்கும் கறை வெளுக்காமல் தங்கிவிடும். அதோடு இஸ்திரி உருளையில் போய்ச் சிக்கினால் அன்றைய வேலையே கெட்டது. நனைந்து, காய்ந்து, இறுகிப்போன முடிச்சுகளை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். இவன் இழுக்க மாட்டான். உள்ளங்கையில் வைத்து உருட்டுவான். இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுப்பான். அது தானாக வாயைத் திறக்கும்.

அவன் வேதியியல் படித்தவன். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சலவை மருந்துகளைக் கலக்கும் பிரிவில் இடம் காலியாகும்வரை மேசையில் நில் என்று சொல்லித்தான் ஆலையில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே இருந்தவர்கள் யாரும் நகரவில்லை. மனைவியின் அக்கா புருஷன், பேருந்து ஓட்டுகிறவர், இந்தச் சகலைக்கு இது ஓயாத வேடிக்கை. வீட்டில் யாருடைய காலணிக் கயிறு சிக்கிக்கொண்டாலும், "நீங்க கை வைக்காதீங்க. இதுக்குப் பட்டம் வாங்கின ஆள் வேணும்" என்பார். ஆனால் பெரிய விஷயம் எதுவானாலும் அதே சகலை அவன் முகத்தைத்தான் பார்ப்பார். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எந்த மருந்தை வாங்கலாம், இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் அவன் சொன்னால் சரி. அந்த மரியாதை அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்குத் தான் தகுதியானவன்தானா என்று அவன் அதிகம் யோசித்ததில்லை.

ஆலையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிச் சுவரோடு நிற்கும் பெரிய ஆஸ்பத்திரி நீல மூட்டை. சந்தைக்குப் பின்னால் மாடி இல்லாத, பிரசவம் மட்டும் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி மஞ்சள் மூட்டை. இன்னொரு வழக்கமும் உண்டு. மேசையில் பார்த்ததை மேசையோடு விட்டுவிட வேண்டும். சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நாம் பிரிக்கிறது மற்றவர்களின் வலி, அதை டீக்கடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். சீப்பு, பல்செட்டு, தாலாட்டுப் பாடும் பொம்மை என்று மூட்டையில் என்ன கிடைத்தாலும் ஒரு தட்டில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதைப் பற்றி ஒருவருக்கொருவர்கூடப் பேச மாட்டார்கள். இஸ்திரி உருளையில் வேலை செய்கிற ஆவி என்கிற பெரியவர், ஊரில் யார் வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் விவரம் வைத்திருப்பவர், அவரும் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொள்வார். அதை அவர்கள் கௌரவமாக நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

நீல மூட்டை பிரிப்பதற்குச் சுகம். விரிப்புகள் படுத்து எழுந்த சுருக்கத்தோடு வரும், அவ்வளவுதான். மஞ்சள் மூட்டையைத் தூக்கும்போதே கனக்கும். ஈரம், ரத்தம், பன்னீர்க்குடம் உடைந்த நீரின் வாடை. அதோடு முடிச்சுகள். விரிப்பைக் கயிறு போலத் திரித்து, முனையில் கைமுட்டி அளவுக்கு இறுக்கியிருப்பார்கள். திரித்த இடத்தில் நகம் பதிந்து நூல் அறுந்திருக்கும். சிலதில் பல் பதிந்திருக்கும். முதல் முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் நின்றான். துணியைக் கயிறாகத் திரித்து எதற்குக் கட்டுவார்கள்? அவனுக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்தது. கட்டிலின் கம்பியோடு ஒரு பெண்ணின் கைகளைச் சேர்த்துக் கட்டுவதைக் கற்பனையில் பார்த்தான். பார்த்த பிறகு அதை அழிக்க முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் மேசையில் பார்த்ததைப் பேசினதாகிவிடும். உருட்டி உருட்டி முடிச்சை அவிழ்த்தான், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டான், அடுத்த மூட்டையை இழுத்தான்.

அவன் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததுமே எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். வாய் ஓயாது. வீட்டில் எதற்கும் அவனைக் கூப்பிடுவாள். டப்பா மூடி திறக்கவில்லை, கரப்பான் பூச்சி, மேல் அலமாரி எட்டவில்லை, ஜன்னலுக்கு வெளியே நிலா சிவப்பாக இருக்கிறது. "இங்க வாங்களேன்" என்பதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாள் என்பதற்குக் கணக்கே இல்லை. முக்கால்வாசி நேரம் வேலை ஒன்றும் இருக்காது. பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் உண்டானதும் அவளுடைய அக்கா அவளைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவின் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது அங்கேதான். திரும்பி வந்தவள் முகம் கழுவக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து சொன்னாள். டாக்டரம்மா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாராம், வருவது நாலு அறைக்கு முன்னாலேயே தெரிந்துவிடுமாம். வயிற்றில் கை வைத்து, உள்ளே இருப்பவரையும் சேர்த்து நலம் விசாரித்தாராம். எல்லாவற்றையும்விட, பிரசவத்தின்போது நம் ஆள் ஒருவர் உள்ளேயே கூட இருக்கலாமாம்.

"எனக்கு அது ஒண்ணு போதும். நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

காரணம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் குடல்வால் அறுத்தபோது, பார்க்க யாரையும் விடாத ஒரு வார்டில் அவளைத் தனியாகப் போட்டிருந்தார்கள். கூரையில் ஒரு விரிசல் இருந்ததாம், அதோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் கையை அவள் விடவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். பெயரைச் சொன்னாள். மஞ்சள் மூட்டை.

அங்கே வேண்டாம் என்றான். ஏன் என்றாள். பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது, எல்லா வசதியும் ஒரே இடத்தில் இருக்கும் என்றான். வசதிக்கும் இதற்கும் என்ன என்றாள். அன்று அவர்கள் பேசியது பேச்சாக இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் வசதி வசதி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போய், அங்கே கையைக் கட்டுகிறார்கள், பல்லால் துணியைக் கடிக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? எங்கே பிரசவம் ஆனாலும் அந்தப் பயம் அவளோடு கூடவே போகுமே. பயமுறுத்தாமல் காப்பாற்றுவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று நினைத்தான். ஆலையின் வழக்கமும் அதற்குத் தோதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பஞ்சாயத்து. சகலை டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, படித்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று ஒதுங்கிக்கொண்டார். அக்கா விடவில்லை. அவன் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

"தம்பி, நேராக் கேக்கறேன். அங்க என்ன குறையைக் கண்டீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"அப்ப என்ன? என் தங்கச்சி சின்ன ஆஸ்பத்திரியில பெத்தா உங்களுக்கு மரியாதைக் குறைச்சலா?"

அவன் அண்ணியின் மணிக்கட்டைப் பார்த்தான். வளையல்களுக்குக் கீழே ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று தேடினான். ஒன்றுமில்லை. பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், தழும்பு மறைந்திருக்கும், வலியும் மறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கண்ணெதிரே இருந்த கையை நம்பாமல், கண்ணால் பார்க்காத கையை நம்பினான். படித்தவன் செய்கிற காரியமா இது என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டான்.

அண்ணி கேட்ட மரியாதைக் கேள்விக்கு அவன் மறுப்புச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் தன்மேல் இருப்பதே சௌகரியம் என்று விட்டுவிட்டான். மனைவி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, "சரி. நீங்க சொன்னா சரி" என்றாள். அவள் அவ்வளவு குறைவாகப் பேசி அவன் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்க இருவரும் போனார்கள். அறையில் சந்தன நிறச் சுவர், ஆள் தொடாமலே திறக்கும் கதவு, ஜன்னலுக்கு வெளியே பேருந்துகளின் கூரை. கட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கி, "பாத்தியா, இது நம்ம மடிப்பு. ஆவி கை பட்டது" என்று காட்டினான். அவள் விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அருகில் இருந்த நர்ஸிடம், பிரசவ அறைக்குள் யார் கூட இருக்கலாம் என்று கேட்டாள். நர்ஸ் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். "வெளி ஆளுங்களை விடறதில்லம்மா. நாங்க எல்லாரும் இருக்கோம்ல" என்றாள். மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவன் விரிப்பின் மூலையை மறுபடி மெத்தைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தான்.

ஒரு காலை நேரத்தில், தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி கண்டது. பாதிப் பின்னலோடு கிளம்பினார்கள். சக்கர நாற்காலியில் அவளை உட்காரவைத்துக் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவனும் அண்ணியும் கீழே கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஓடும் திரை ஒன்று இருந்தது. மனைவியின் பெயருக்கு எதிரே 'உள்ளே' என்று மட்டும் இருந்தது. வெயில் கண்ணாடிச் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. அண்ணி ஒரே ஒரு முறை எழுந்து போய், என்னை மட்டுமாவது விடுங்களேன் என்று கேட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: டாக்டர் நல்ல டாக்டர், நர்ஸுகள் ஓடி ஓடி வேலை செய்தார்கள். ஆளுக்கு நாலைந்து கட்டில்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

மாலையில் அவனை உள்ளே விட்டார்கள். குழந்தை அவள் கைச்சந்தில் தூங்கியது. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அந்தக் கூரையில் விரிசல்கூட இல்லை.

"கூப்பிட்டேன்" என்றாள்.

"யாரை?"

"முதல்ல அக்காவை. அப்புறம் உங்களை. அப்புறம் யாராவது வாங்கன்னு."

"எனக்குக் கேக்கலையே."

"கேக்காது. கதவு நல்ல கதவு."

கடையில் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் தரத்தைச் சொல்வது போல, குற்றம் சாட்டாமல்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குழந்தை பால் குடித்தது, வளர்ந்தது, அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. சகலை வந்து, பட்டதாரி மூக்கு, பாத்துப் பிடி என்றார். வீடு சிரித்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் அவனுக்கு அது உறைத்தது. அவள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மேல் அலமாரிக்கு ஸ்டூலைப் போட்டுத் தானே ஏறினாள். மூடி திறக்காத டப்பாவைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினாள். கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். கோபம் இல்லை. கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று ஒரு முறை தெரிந்துகொண்டவள், மறுபடி தொண்டையை வீணாக்கவில்லை. குளியலறைக் கதவை மட்டும், மூடின கதவு வேண்டாம் என்று, தாழிடாமல் விட்டாள். அவன் சில நாள் சமையலறை வாசலில் வேண்டுமென்றே போய் நிற்பான். "என்ன வேணும்?" என்று கேட்பாள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வருவான்.

குழந்தை தவழத் தொடங்கிய பிறகு ஒரு நாள், வேனில் துணி கொண்டுபோகிற ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் அவனைப் போகச் சொன்னார். மஞ்சள் மூட்டை ஆஸ்பத்திரியின் பின்கதவுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்ததால், தள்ளுவண்டியை முன்வாசல் வழியாகக் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் முன்வாசல் வழியாக அங்கே நுழைந்தது அதுதான் முதல் தடவை. செருப்பு தேயும் சத்தம் எங்கிருந்தோ கேட்டது.

நடைவழியில் ஒரு அறையின் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸம்மா தலையை நீட்டினாள். வெளுத்த விரிப்பு ஒன்றை எடு என்று கை நீட்டினாள். கொடுத்தான். வாசலில் நின்றபடியே அதை உதறினாள், ஒரு பக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மளமளவென்று கயிறு போலத் திரித்தாள். ஒரு முனையில் முடிச்சு. மறு முனையில் முடிச்சு. கைமுட்டி அளவுக்கு. அவனுக்கு அந்த முடிச்சைத் தெரியும். உள்ளங்கைக்குத் தெரியும்.

திரை முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு பெண் கட்டிலில் இல்லை, தரையில் பாதம் ஊன்றிக் குந்தியிருந்தாள். ஒரு முனையை அவளிடம் கொடுத்தார்கள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவன் அவள் புருஷன் போலிருக்கிறது, கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். வலி வந்தபோது அவள் இழுத்த இழுப்பில் அவன் தடுமாறி முன்னால் வந்துவிட்டான்.

"நேரா நில்லுங்க. எனக்கு முன்னாடி நீங்க விழுந்துடாதீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. அறைக்குள் யாரோ சிரித்தார்கள். அவளும்.

நர்ஸம்மா வெளியே வந்து, ஏன் இன்னும் நிற்கிறாய் என்பது போலப் பார்த்தாள். இந்த முறை அவன் கேட்டுவிட்டான். "அந்த முடிச்சு..." என்றான்.

"கை வழுக்காம இருக்கறதுக்கு. வலி வர்றப்ப எதையாவது பிடிச்சு இழுத்தா உடம்புக்குத் தெம்பு. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க பிடிச்சுக்கணும், அப்பத்தான் தைரியம்." பிறகு அவன் சட்டையில் இருந்த ஆலையின் அடையாளத்தைப் பார்த்தாள். "நீங்கதான் தினமும் அவுக்கறீங்களா? தப்பா நெனைக்காதீங்க, அவசரத்துல அப்படியே மூட்டையில போட்டுடறோம்."

ஆலைக்குத் திரும்பியதும் ஆவியிடம் போனான். அவ்வளவு நாள் காத்த வழக்கத்தை உடைத்து, நீல மூட்டையில் பிரசவத் துணியே வருவதில்லையே, ஏன் என்று கேட்டான். ஆவி உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அங்கே அதெல்லாம் ஒரு தடவை போட்டுவிட்டு எரிக்கிற காகித விரிப்பு, நம்மிடம் வருகிறது படுத்து எழுந்தது மட்டும்தான். இது எல்லாருக்கும் தெரியுமே, நீ கேட்டதே இல்லையே.

நீல மூட்டையின் சுத்தம் என்று அவன் நம்பியது, அங்கே நடந்தது எதுவும் தன் மேசைக்கு வராததன் விளைவு. மஞ்சள் மூட்டையின் பயங்கரம் என்று நம்பியது, யாரோ ஒருவர் மறுமுனையைப் பிடித்திருந்த அடையாளம். அண்ணி கேட்ட அன்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அதோடு முடிந்திருக்கும். அந்தக் கயிற்றின் மறுமுனையில் அவனே நின்றிருக்கலாம்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். முடிச்சு, பல் தடம், அண்ணியின் மணிக்கட்டைப் பார்த்தது, திரைக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு, ஒன்றும் விடவில்லை. அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பெருமைக்குத்தான் செஞ்சீங்கன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்" என்றாள்.

"இல்ல."

"அதை ஒரு மாதிரி பொறுத்துக்கிட்டேன். ஆம்பளைங்க அப்படித்தான்னு." ஒரு சட்டையை மடித்தாள். பிறகு கை நின்றது. "அங்க பொம்பளைங்களைக் கட்டிப்போடறாங்கன்னு நெஜமா நம்பினீங்களா?"

"நம்பினேன்."

"நம்பிட்டு, மறுநாளும் அந்தத் துணியை வெளுத்து அங்கயே அனுப்பினீங்க."

இந்தக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வழக்கம் என்று சொல்ல நினைத்தான். அந்தச் சொல் வாய்க்குள்ளேயே புளித்தது. தன் பெண்டாட்டியை மட்டும் அங்கிருந்து விலக்கிவிட்டு, மற்றவர்களுக்கு விரிப்பை வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். நினைத்தது பொய்யாகப் போனது அந்தப் பெண்களுக்கு நல்லது. அவன் செய்தது அதனால் நல்லதாகிவிடுமா?

"யாருகிட்டயும் சொல்லலையா? ஒருத்தர்கிட்டகூட?"

"இல்ல."

குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. தொப்பியின் நாடா தாடைக்குக் கீழே முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நகத்தால் அதைப் பிடித்து இழுத்தாள். இன்னும் இறுகியது. ஒரு காலத்தில் இந்நேரம் கூப்பிட்டிருப்பாள். அவன் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தான்.

"இழுக்காத. உருட்டணும்" என்றான்.

"தெரியும்" என்றாள், நிமிராமல். பிறகும் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.